முள்வேலிக்குள் பழகிய உளி

ஜோர்ஜ் நகாஷிமாவின் மேசைகளைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பலர் முகாமை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

1905இல் அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை முதுகலைப் பட்டம் பெற்று, டோக்கியோவில் அன்ரனின் ரேமண்ட் என்ற கட்டடக்கலைஞரிடம் வேலை செய்தார். ரேமண்டின் அலுவலகம் வடிவமைத்த கோல்கொண்டா விடுதியைக் கட்டுவிக்க 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்தவர், அங்கேயே சீடரானார். சுந்தரானந்தா என்ற பெயரும் கிடைத்தது. பிறகு நாடு திரும்பி, மரியன் ஒகாஜிமாவை மணந்து, சியாட்டிலில் தளபாடம் செய்யத் தொடங்கினார்.

1941 டிசெம்பரில் ஜப்பான் பேர்ள் ஹாபரைத் தாக்கியது. அடுத்த பெப்ரவரி 19இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் ஒப்பமிட்டார். சுமார் 120,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடுவாசலை விட்டு அகற்றப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். நகாஷிமாவும் மரியனும் கைக்குழந்தை மிராவும் ஐடஹோவின் வறண்ட வெளியிலிருந்த மினிடோக்காவில் அடைக்கப்பட்டனர். அரசு அதற்கு வைத்த பெயர் இடமாற்ற நிலையம். நலன்புரி நிலையம் என்ற சொல்லுக்குள் வாழ்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அங்கேதான் கென்டாரோ ஹிக்கோகாவாவைச் சந்தித்தார். ஹிக்கோகாவா ஜப்பானிய மரபில் பயின்ற தச்சர். பட்டதாரியான நகாஷிமா அவருக்குக் கையாளாக நின்று தொழில் பழகினார்.

ஜப்பானிய வாள் தள்ளும்போது அறுக்காது, இழுக்கும்போதுதான் அறுக்கும். அதனால் தகடு மிக மெல்லியதாக இருக்கலாம், வெட்டும் ஒடுங்கும். கன்னா எனப்படும் சீவுளியையும் உடலை நோக்கி இழுக்க வேண்டும். அதில் திருகாணி இல்லை. அலகையோ கட்டையையோ சுத்தியலால் மெல்லத் தட்டித்தான் அலகை இறக்கி ஏற்றுவார்கள். உளியின் அலகில் வன்மையான உருக்கும் மென்மையான இரும்பும் ஒட்டவைத்து அடிக்கப்பட்டிருக்கும். பின்புறம் சற்றுக் குழிந்திருப்பதால் சாணைக்கல்லில் தட்டையாகத் தீட்டுவது சுலபம். தீட்டுவதே பாதித் தொழில். இருவரும் கழிவுப் பலகையிலும் அந்த வெளியில் முளைத்த புதர்க்கட்டையிலும் பொருட்கள் செய்து, தகரக்கொட்டில் போன்ற அந்தக் குடியிருப்பை ஓரளவு வீடாக்கினார்கள்.

இதைப் படித்துவிட்டு, முகாம்தான் ஒரு கலைஞனைத் தந்தது என்று சொல்வோரும் உண்டு. எனக்கு அந்தப் பேச்சுப் பிடிப்பதில்லை. கற்றுக்கொடுத்தவர் ஹிக்கோகாவா. அவரும் அங்கே கைதிதான்.

1943இல் ரேமண்ட் பொறுப்பேற்றதால் குடும்பம் வெளியே வந்தது. பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் அவரது பண்ணையில் கோழிகளைப் பார்த்துக்கொண்ட நகாஷிமா, பிறகு அதே ஊரில் பட்டறை போட்டார். மரத்தின் இயற்கை விளிம்பை அவர் சீவி நேராக்கவில்லை. வெடிப்பு இருந்தால் மறைக்கவுமில்லை. வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு கட்டையைச் செதுக்கி, வெடிப்பின் குறுக்கே இறுக்கினார். வெடிப்பு மேலும் விரியாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் இழப்பீடு தரச் சட்டம் இயற்றியது 1988இல். நகாஷிமா 1990இல் இறந்தார். பெரிய வால்நட் மரமொன்றின் பலகைகளில் அவர் செய்த சமாதான பீடம் நியூயோர்க் தேவாலயமொன்றில் ஏற்கெனவே இருந்தது. மற்றக் கண்டங்களுக்கும் ஒவ்வொன்று செய்ய நினைத்திருந்தார். கைக்குழந்தையாக முகாமுக்குப் போன மிரா பட்டறையைப் பொறுப்பேற்றார். ஆசியாவுக்கான பீடம் புதுச்சேரிக்கு அருகே ஓரோவிலில் இருக்கிறது.