தொளதொள கால்சட்டையும் இறுக்கமான கோட்டும்

சார்லி சாப்ளினைத் தெரியாதவர்கள் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். தலையில் சின்னத் தொப்பி, மூக்குக்குக் கீழே துளியூண்டு மீசை, உடம்பைப் பிடிக்கும் கோட்டு, தொளதொளவென்று கால்சட்டை, படகு மாதிரி ஷூ, கையில் வளையும் பிரம்பு. ஒன்றுக்கொன்று சேரவே சேராத இந்த உடைகளை அவர் ஏன் போட்டுக்கொண்டார் தெரியுமா? அதற்கு அவருடைய சின்ன வயதுக்குப் போக வேண்டும்.

சார்லி 1889 ஏப்ரல் 16ல் லண்டனில் பிறந்தார். அப்பா, அம்மா இருவருமே மேடைப் பாடகர்கள். அப்பா குடும்பத்தைப் பிரிந்து போய்விட்டார். அம்மா ஹன்னாவுக்கோ குரல் கெட்டு, மேடை வாய்ப்பு நின்று போனது. சார்லியையும், நான்கு வயது மூத்த அண்ணன் சிட்னியையும் காப்பாற்ற, துணி தைத்துக் கொடுத்துக் கூலி வாங்கினார்.

சிட்னி வளர்ந்துவிட்டான். பழைய கோட்டு பத்தவில்லை. புதிது வாங்கக் காசு ஏது? அம்மா தன்னுடைய பழைய வெல்வெட் சட்டையை எடுத்து வெட்டி, அவனுக்குக் கோட்டாகத் தைத்துவிட்டார். அதன் கைகளில் சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள். தோள்பட்டையில் பெண்கள் சட்டைக்கு உரிய கொசுவம். எவ்வளவு முயன்றும் அம்மாவால் அதை மறைக்க முடியவில்லை. காலுக்கு, குதிகாலை வெட்டிக் குட்டையாக்கிய அம்மாவின் ஷூ. பள்ளிக்கு இப்படிப் போக மாட்டேன் என்று சிட்னி அழுதான். ஆனாலும் போனான். பையன்கள் கேலி செய்தார்கள்; தினமும் சண்டை.

சார்லிக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? அம்மாவின் சிவப்புக் காலுறையை வெட்டித்தான் அவனுக்கும் காலுறை. அது மடிப்பு மடிப்பாகச் சுருங்கி நின்றது. பழைய ஓவியங்களில் அப்படி உடுத்தியிருக்கும் பிரான்சிஸ் டிரேக் என்ற மாலுமியின் பெயரையே அவனுக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள்.

நம் ஊரில் வளருகிற பிள்ளை என்று சொல்லி, இரண்டு அளவு பெரிதாகச் சீருடை தைத்துப் போடுவார்கள். ஜூன் மாதத்தில் அரைக்கால் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓடி வரும் பிள்ளைகளை, ஆசிரியர் வேலையில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சார்லியின் சங்கடம் சொல்லாமலே புரியும்.

1896ல், ஏழு வயதில், சார்லி அம்மாவோடும் அண்ணனோடும் ஏழைகள் விடுதியில் சேர நேர்ந்தது. பிறகு அம்மாவுக்கு மனநோய் வந்து, மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்.

சிட்னி தந்தி கொடுக்கும் வேலைக்குப் போனதும் அவனுக்கு ஒரு நல்ல உடுப்பு கிடைத்தது. திங்கட்கிழமை காலை அவன் வேலைச் சீருடையில் கிளம்பியதும், அம்மா அந்த உடுப்பை அடகுக் கடையில் 7 ஷில்லிங்குக்கு வைப்பார். வாரக் கடைசியில் மீட்டு வருவார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. கடைசியில் உடுப்பு நைந்து போக, இனிமேல் அதற்கு 7 ஷில்லிங் தர முடியாது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார்.

சார்லி சிறுவயதிலேயே நாட்டியக் குழுவில் சேர்ந்தார். பின்னர் பிரெட் கார்னோவின் நகைச்சுவை நாடகக் குழுவோடு அமெரிக்கா போனார். கீஸ்டோன் என்ற படக் கம்பெனி வாரம் 150 டாலர் சம்பளத்தில் அவரை எடுத்துக்கொண்டது. முதல் படத்தில் உயரத் தொப்பி, நீண்ட கோட்டு, தொங்கு மீசை என்று வந்தார். அந்த வேடம் யாருக்கும் இன்று நினைவில்லை.

1914 தொடக்கத்தில் ஒரு நாள், ஏதாவது சிரிப்பு வேடம் போட்டு வரும்படி முதலாளி மாக் சென்னட் சொன்னார். உடை அறைக்குப் போகும் வழியிலேயே சார்லிக்கு யோசனை வந்துவிட்டது. எல்லாமே முரணாக இருக்கட்டும்! கால்சட்டை பெரிதென்றால் கோட்டு சிறிது. தொப்பி சிறிதென்றால் ஷூ பெரிது. சென்னட் வயதானவரை எதிர்பார்த்தார். சார்லிக்கோ வயது 24தான். அதனால் வயதைக் கூட்டிக்காட்ட ஒரு மீசை. அது பெரிதாக இருந்தால் முகபாவம் மறைந்துவிடும் என்று சின்னதாக ஒட்டிக்கொண்டார். ஆமாம், அது ஒட்டு மீசைதான்!

கால்சட்டை குண்டு நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளுடையது, ஷூ போர்டு ஸ்டெர்லிங்குடையது என்றெல்லாம் ஒரு கதை உண்டு. யாருடையதாக இருந்தால் என்ன, சேர்த்தது சார்லி அல்லவா!

அந்த வேடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இடுப்புக்கு மேலே தொப்பியும் கோட்டும் போட்ட கனவான். இடுப்புக்குக் கீழே சோற்றுக்கு வழியில்லாத நாடோடி. இரண்டு பேரும் ஒரே ஆள்! அதனால்தான் பசியில் வாடும்போதும் தொப்பியைத் தூக்கி மரியாதையாக வணக்கம் சொல்கிறார். வெறும் சிரிப்புக்காக அளவு தப்பிய துணியைப் போட்டவர்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர். அவர்களிடம் இல்லாத ஒன்று இது என்பது என் எண்ணம். சிறுவயதில் மாமாவின் மதுக்கடை வாசலில் குதிரைகளைப் பிடித்து நின்ற ஒரு முதியவரின் தள்ளாட்ட நடையையும் இதோடு சேர்த்துக்கொண்டார்.

1914 பிப்ரவரி 7ல் மக்கள் முதன்முதலாக இந்த உருவத்தைத் திரையில் பார்த்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1916ல், அவருடைய சம்பளம் வருடத்துக்கு 6,70,000 டாலர்! 1925ல் வந்த 'தி கோல்ட் ரஷ்' படத்தில் பசி தாங்காமல் தன் ஷூவையே வேகவைத்துத் தின்பார். பயப்படாதீர்கள், அது அதிமதுர மிட்டாயில் செய்த ஷூ. 1931ல் வந்த 'சிட்டி லைட்ஸ்' படத்தில் கண் தெரியாத பூக்காரப் பெண் ஒருத்தி அவரைப் பெரிய பணக்காரர் என்றே நம்புவாள். அவர் உடை அவளுக்குத் தெரியாதே!

அந்த 1931 செப்டம்பர் 22ல் லண்டனில் ஏழைகள் வாழும் பகுதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். காந்தியடிகள் அரையாடைக்கு மாறியது நம் மதுரையில், 1921 செப்டம்பர் 22ல். சரியாகப் பத்து ஆண்டுகள்!

சார்லி வசதியானதும் அம்மாவை மறக்கவில்லை. 1921ல் அவரை அமெரிக்காவுக்கு அழைத்து வந்து, 1928ல் அவர் இறக்கும் வரை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

1952ல் அமெரிக்க அரசு சார்லியைத் திரும்ப உள்ளே விட மறுத்தது. சுவிட்சர்லாந்தில் குடியேறினார். 20 ஆண்டுகள் கழித்து, 1972ல், அதே அமெரிக்கா கௌரவ ஆஸ்கர் விருது தர அழைத்தது. மண்டபமே எழுந்து நின்று வெகுநேரம் கைதட்டியது. மேடையில் ஒரு தொப்பியையும் பிரம்பையும் கொடுத்தார்கள். முதியவர் தொப்பியைத் தலையில் வைத்து, பழைய படங்களில் செய்வதுபோலவே அதைத் துள்ள வைத்துக் காட்டினார்.

1977 டிசம்பர் 25ல் சுவிட்சர்லாந்தில், 88 வயதில் காலமானார். லண்டனில் லெஸ்டர் சதுக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அதிலும் அதே தொப்பி, அதே பிரம்பு, அதே தொளதொள கால்சட்டைதான்.