கில்கியாவின் மந்திரக் கோமகன்

அயர்லாந்தின் கில்டேர் மாவட்டத்தில் கில்கியா என்றொரு கோட்டை உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நார்மானியர் எழுப்பிய அக்கோட்டைக்கு, ஏழாண்டுக்கு ஒருமுறை வெண்புரவியேறி ஓர் ஆவி வருவதாக அந்நாட்டார் நெடுங்காலமாகச் சொல்லி வந்துள்ளனர். மந்திரக் கோமகன் என அவர்கள் அழைத்த அம்மனிதர், கில்டேரின் பதினோராம் கோமகனான ஜெரால்ட் பிட்ஸ்ஜெரால்ட்.

1525இல் பிறந்த ஜெரால்டின் வாழ்வு குருதியில் தொடங்கியது. மாற்றாந்தாய் மகனான தமையன் பட்டுத் தாமஸ், 1534இல் எட்டாம் ஹென்றி மன்னனை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார். 1537 பிப்ரவரியில் தாமசும், தந்தையின் உடன்பிறந்தார் ஐவரும் லண்டனில் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். அவ்வைவருள் கிளர்ச்சியை எதிர்த்தவர்களும் இருந்தனர். குடியின் வாரிசாக எஞ்சியவர், பன்னிரண்டு வயதும் நிரம்பாத ஜெரால்ட்.

அரசின் ஆட்கள் அச்சிறுவரைத் தேடி அலைந்தனர். மக்களோ அவரைக் கைமாற்றிக் கைமாற்றி ஒளித்துக் காத்தனர். கைம்பெண்ணாயிருந்த அத்தை எலினார், வடபுலத் தலைவர் ஓடோனலை மறுமணம் புரிந்ததும் அவருக்குக் காவல் தேடியே என்பர். 1540இல் கடல் கடந்து பிரான்சை அடைந்த ஜெரால்ட், பின்னர் இத்தாலியில் கார்டினல் போலின் அரவணைப்பில் கல்வி கற்றார். பிளாரன்சில் மெடிசி கோமகனிடம் பணிபுரிந்தார். ஹென்றி மறைந்தபின் நாடு திரும்பி, 1554இல் மேரி அரசியிடம் இழந்த பட்டத்தை மீளப் பெற்றார்.

அவர் கற்றுவந்த கலைகளை ஊரார் மாயவித்தையாகக் கண்டனர். உருமாறிக் காட்டுமாறு மனைவி வேண்ட, அவள் அஞ்சி அலறினால் தம்மை இழக்க நேரும் என எச்சரித்து அவர் பறவையானார், பூனையொன்று பாய, அவள் அலறினாள், அவர் மறைந்தார். இஃது அவர்கள் கதை. முல்லாமாஸ்ட் மேட்டின் அடியில் அவர் உறங்குகிறாராம். புரவியின் வெள்ளி லாடங்கள் பூனைக் காதளவு தேய்ந்ததும் எழுந்து நாட்டை மீட்பாராம்.

வரலாற்றின் ஜெரால்ட் அத்தகைய மீட்பர் அல்லர். தம் குடியை அழித்த அரசுக்கே அடங்கி நிலங்களைக் காத்தவர். அவ்வடக்கமும் அவரைக் காக்கவில்லை. 1580இல் கிளர்ச்சியாளருக்குத் துணைபோனதாக ஐயுற்றுச் சிறைப்படுத்தினர். 1585 நவம்பரில் லண்டனில் காலமானார்.

பட்டம் பெற்ற கோமகனை மக்கள் மறந்திருக்கலாம். தம் கூரைகளின்கீழ் ஒளித்துக் காத்த சிறுவனை அவர்கள் மறக்கவில்லை. அன்று பகைவரிடமிருந்து காத்தவனை, பின்னர் சாவிடமிருந்தும் கதையால் காத்தனர். கில்கியாவின் ஆவி அச்சத்தில் பிறந்ததன்று, காத்திருப்பில் பிறந்தது.