தெருச் சிறுவர்களை மீட்ட பர்னார்டோ நீதிமன்றப் படி ஏறியது ஏன்?

ஒரு போட்டோவில் கிழிந்த சட்டை, கலைந்த தலை, வெறுங்காலோடு ஒரு பையன். அடுத்த போட்டோவில் அதே பையன் சுத்தமான உடையில், கையில் தொழில் கருவியோடு நிற்கிறான். உதவி கேட்டு வாட்ஸ்அப்பில் வரும் ‘அன்று - இன்று’ படங்களைப் பார்த்தவர்களுக்கு இது பழகிப்போன விஷயம்தான். ஆனால் இந்தப் படங்கள் 1870-களில் லண்டனில் எடுக்கப்பட்டவை. 20 படங்கள் கொண்ட ஒரு கட்டு 5 ஷில்லிங்குக்கு விற்றது. விற்ற காசில் தெருச் சிறுவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் கிடைத்தன. விற்றவர் தாமஸ் ஜான் பர்னார்டோ.

இன்றும் பிரிட்டனின் பெரிய குழந்தைகள் நல அமைப்புகளில் ஒன்று அவர் பெயரில்தான் இயங்குகிறது. ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தெருவிலிருந்து தூக்கி நிறுத்தியவர் என்று ஒரு தரப்பு கொண்டாடுகிறது. பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தவர் என்று இன்னொரு தரப்பு குற்றம் சாட்டுகிறது. சிக்கல் என்னவென்றால், ரெண்டுமே உண்மை.

சீனாவுக்குப் போக வந்தவர்

1845 ஜூலை 4 அன்று அயர்லாந்தின் டப்ளினில் பிறந்த பர்னார்டோவுக்கு, லண்டன் குழந்தைகளைப் பற்றி ஆரம்பத்தில் எந்தத் திட்டமும் இல்லை. மதப் பணிக்காகச் சீனா போக வேண்டும், அதற்கு முன் மருத்துவம் படிக்க வேண்டும் என்றுதான் 1866-ல் லண்டனுக்கு வந்தார். அதே ஆண்டு நகரின் கிழக்குப் பகுதியான ஈஸ்ட் எண்டைக் காலரா சூறையாடியது. சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் செத்துப்போனார்கள். ஏற்கெனவே துறைமுகக் கூலியை நம்பி, அன்றாடம் சம்பாதித்தால்தான் அன்றாடம் சோறு என்றிருந்த பகுதி அது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர் தெருவுக்கு வந்தார்கள்.

கட்டாயக் கல்வி அப்போது இல்லை. அரசு தந்த ஒரே புகலிடம் ‘ஒர்க்ஹவுஸ்’ எனப்பட்ட ஏழை விடுதி. ஜெயிலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்பதால், பிள்ளைகள் அங்கே போவதைவிடத் தெருவே மேல் என்று இருந்தார்கள்.

பர்னார்டோ ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் இலவசப் பள்ளி நடத்தினார். ஒரு நாள் இரவு எல்லாரும் போன பிறகும் ஜிம் ஜார்விஸ் என்ற பையன் மட்டும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. போக வீடே இல்லை என்பது பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பையன் அவரை அழைத்துப்போய்க் காட்டிய ஒரு கூரையின் மேல், குளிரில் பதினோரு சிறுவர்கள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார்களாம். இந்தக் கதையைச் சொன்னவர் பர்னார்டோதான். மேடைக்கு மேடை சொன்னார், அதனால் கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனால் சீனப் பயணம் அதோடு முடிந்துபோனது உண்மை.

1870-ல் ஸ்டெப்னி காஸ்வே என்ற தெருவில் சிறுவர்களுக்கான முதல் இல்லத்தைத் திறந்தார். கையிலிருக்கும் காசுக்கு எத்தனை பேரைச் சேர்க்க முடியுமோ அத்தனை பேர்தான் என்பது ஆரம்பத்தில் அவர் வைத்திருந்த கணக்கு. அந்தக் கணக்கால் இடமில்லாமல் திருப்பி அனுப்பப்பட்ட 11 வயதுப் பையன், ‘கேரட்’ என்ற பட்டப்பெயர் கொண்ட ஜான் சோமர்ஸ், சில நாட்களில் பசியிலும் குளிரிலும் செத்துக் கிடந்தான். ஆதரவில்லாத எந்தக் குழந்தையையும் இனி திருப்பி அனுப்புவதில்லை என்று இல்லத்தின் வாசலில் அதன்பிறகு பலகை வைத்தார்கள். இடம் இருக்கிறதா, பணம் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்தான். வாழ்நாள் முழுக்க அவர் கடனில் தத்தளித்ததற்கு இந்தப் பலகையும் ஒரு காரணம்.

உள்ளே வந்த பையன்களுக்குச் செருப்புத் தைப்பது, தச்சு வேலை, பிரஷ் செய்வது போன்ற தொழில்கள் கற்றுத்தரப்பட்டன. சிறுமிகளுக்கு 1876-ல் பார்க்கிங்சைடில் ஒரு கிராமமே எழுந்தது. பெரிய கட்டடத்தில் வரிசையாகக் கட்டில் போட்டு அடைப்பது சரிவரவில்லை என்று முதல் முயற்சியிலேயே கண்டுகொண்டார். அதனால் புல்வெளியைச் சுற்றிச் சின்னச் சின்ன வீடுகள். ஒவ்வொன்றுக்கும் அம்மா மாதிரி ஒரு பொறுப்பாளர். பெரிய பெண்ணும் சின்னப் பெண்ணும் கலந்து ஒரே குடும்பமாக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. அந்தக் காலத்துக்கு இது நல்ல யோசனை.

போட்டோவில் என்ன தப்பு?

இவ்வளவுக்கும் பணம் வேண்டுமே? அதைக் கொண்டுவந்தவை அந்த ‘அன்று - இன்று’ அட்டைகள். 1877-ல் அவையே அவருக்கு எதிரான சாட்சிகளாக மாறின.

பாப்டிஸ்ட் போதகர் ஒருவர் குற்றச்சாட்டுகளை அடுக்கி ஒரு சிறு நூலே வெளியிட்டார். பணக் கையாடல், பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவது, தேர்ச்சி பெறாமலே டாக்டர் என்று போட்டுக்கொண்டது எனப் பட்டியல் நீண்டது. (டாக்டர் பட்டம் விஷயத்தில் குற்றச்சாட்டு பொய்யில்லை. எடின்பரோவில் மருத்துவத் தகுதி பெற்றதே 1876-ல்தான்; அதற்குப் பல வருஷம் முன்பே பெயருக்கு முன்னால் டாக்டர் வந்துவிட்டது.) விவகாரம் நடுவர் விசாரணைக்குப் போனது.

அங்கே சில படங்களின் பின்னணி வெளியே வந்தது. இரண்டு படங்களும் ஒரே நாளில் எடுக்கப்பட்டிருக்கின்றன. நாடகத்துக்கு வேஷம் போடுவதுபோல், வந்தபோது இருந்ததைவிடக் கந்தலான உடையில் பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு நாளும் பேப்பர் விற்காத ஒரு சிறுமி, வெறுங்காலோடு பேப்பர் விற்பவளாக நிற்கிறாள். இந்தப் படங்கள் குறிப்பிட்ட ஒரு பிள்ளையைக் காட்டவில்லை, அந்த நிலையில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளையும் குறிக்கின்றன என்பது பர்னார்டோ தரப்பின் வாதம்.

யோசித்துப் பார்த்தால், பணம் கொடுத்தவர்களுக்கு அது பெரிய நஷ்டமில்லை. நிஜ நஷ்டம் அந்தத் தாய்களுக்கு. கையில் காசில்லாவிட்டாலும் பிள்ளையைத் துவைத்த துணியோடு ஒப்படைத்த ஓர் அம்மா, தன் பிள்ளை யாருமற்ற அநாதையாக அட்டையில் விற்கப்படுவதைப் பார்க்கிறார். அந்தப் படத்தில் அவருக்கு இடமே இல்லை.

பெரும்பாலான குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. ஆனால் புனைந்த படங்களை நடுவர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். அந்த வழக்கத்தை நிறுத்தினார் பர்னார்டோ. ஆனாலும் போட்டோ எடுப்பதை நிறுத்தவில்லை. சேரும் பிள்ளைகளைப் பதிவேட்டுக்காகப் படமெடுப்பது தொடர்ந்தது.

கப்பல் ஏறிய பிள்ளைகள்

படத்தில் பெற்றோரை மறைத்தவர், அடுத்த கட்டத்தில் நிஜத்திலும் அதைச் செய்தார். 1882-ல் 51 சிறுவர்களை முதல் குழுவாகக் கனடாவுக்கு அனுப்பினார். நெரிசலான லண்டனைவிட, நல்ல காற்றும் வேலையும் உள்ள பண்ணைகளில் எதிர்காலம் இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. இல்லத்தில் சேர்க்கும்போதே, வெளிநாட்டுக்கு அனுப்ப சம்மதம் என்ற நிபந்தனையில் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கப்பட்டது. மோசமானவர்கள் என்று அவர் முடிவுகட்டிய பெற்றோருக்கு, கப்பல் புறப்பட்ட பிறகே கடிதம் போகும்.

நல்ல நோக்கத்துக்காகச் செய்யும் கடத்தல் என்ற பொருளில் அவரே இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார், வெட்கப்படாமல். அவர் பக்க நியாயமும் இருக்கத்தான் செய்கிறது: 1889 வரை, பெற்றோரே கொடுமைப்படுத்தினால் பிள்ளையைப் பிரித்துக் காப்பாற்றத் தனிச் சட்டமே இங்கிலாந்தில் கிடையாது. ஆனால் யார் மோசமான பெற்றோர் என்பதை அவர் ஒருவரே தீர்மானித்தார். தீவிர புராட்டஸ்டண்டான அவருக்கும், பிள்ளையைத் திருப்பிக் கேட்ட கத்தோலிக்கத் தாய்களுக்கும் இடையே வழக்குகள் பிரபுக்கள் சபை வரை போயின. 1891-ல் அப்படி ஒரு வழக்கில் அவர் தோற்றார். அதே வருஷம், பிள்ளையைக் கைவிட்ட பெற்றோர் திரும்பக் கேட்டால் நீதிமன்றம் மறுக்கலாம் என்று புதுச் சட்டம் வந்தது. ஊரில் அதைப் பர்னார்டோ சட்டம் என்றே சொன்னார்கள்.

1905 செப்டம்பர் 19 அன்று அவர் இறந்தபோது, அவருடைய இல்லங்கள் வழியாகச் சுமார் 60,000 குழந்தைகள் கடந்திருந்தார்கள். கனடா அனுப்புவது அதன்பிறகும் பல பத்தாண்டுகள் நடந்தது. அவருடைய அமைப்பு மட்டும் கிட்டத்தட்ட 30,000 பேரை அனுப்பியது. சிலருக்கு அன்பான வீடு அமைந்தது. வேறு பலர் சம்பளமில்லா வேலையாளாகப் பண்ணையில் உழைத்தார்கள்; அடி வாங்கினார்கள். அண்ணன் ஒரு பண்ணையில், தங்கை இன்னொரு பண்ணையில் என்று பிரிந்தவர்கள் உண்டு. அநாதை என்று ஊர் நினைத்த பலருக்கு இங்கிலாந்தில் அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள்.

காலனி நாடுகளுக்குப் பிள்ளைகளை இப்படி அனுப்பியதற்காக 2010 பிப்ரவரியில் பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பதிவேட்டுக்கு எடுத்த படங்களோ இன்னும் இருக்கின்றன, 50,000-க்கும் மேல். கனடாவில் வாழும் பேரப்பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டியின் கோப்பைக் கேட்டு அந்த அமைப்புக்கு எழுதுகிறார்கள். இல்லத்தில் சேர்ந்த நாளில் எடுத்த போட்டோவும், அம்மாவின் பெயரும் விலாசமும் அந்தக் கோப்பில் இருக்கும்.