வானத்தை அளந்த பள்ளி ஆசிரியர்

மாணாக்கர் எவரும் வராத வகுப்பறையில் நிற்கும் ஓர் ஆசிரியரைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1594ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், ஒஸ்திரியாவின் கிராட்ஸ் நகரிலிருந்த லூத்தரன் பாடசாலைக்குக் கணித ஆசிரியராக வந்து சேர்ந்தார் யொகான்னஸ் கெப்ளர். அப்போது அவருக்கு வயது 22. முதலாண்டில் அவரிடம் கணிதம் கற்க வந்தோர் மிகச் சிலர். இரண்டாம் ஆண்டில் ஒருவருமே இல்லை.

அவர் விரும்பி ஏற்ற பதவியுமல்ல இது. ஜேர்மனியில் 1571 மார்கழி 27ஆம் நாள் பிறந்த கெப்ளர், இளமையில் கண்ட அம்மை நோயால் பார்வை குன்றியவர். 1577இல் தோன்றிய வால்வெள்ளியைத் தாய் அவரை மேட்டு நிலத்துக்கு அழைத்துச் சென்று காட்டினார். ஆயினும் தம் சபையின் போதகராவதே அவருடைய ஆசை. தூபிங்கன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றுகொண்டிருந்தபோது கிராட்ஸ் ஆசிரியர் இறந்துவிட, அவ்விடத்துக்கு இவர் அனுப்பப்பட்டார்.

கணித வகுப்பு வெறுமையாயினும் ஓய்வு கிடைக்கவில்லை. பேச்சுக் கலையும் இலத்தீன் கவி வேர்ஜிலின் பாடமும் அவர் தலையில் விழுந்தன. ஆண்டுதோறும் பஞ்சாங்கம் கணிப்பதும் அவர் கடமையே. பேச்சிலோ அவர் வல்லவரல்லர். ஒன்றைச் சொல்லும்போதே வேறொன்று மனத்தில் எழ, பாடம் வழிமாறிப் போகும். ஆனால் பாடசாலையின் மேற்பார்வையாளர்கள் அவரைக் குறைகூறவில்லை.

1595 ஆடி 19ஆம் நாள் வழமைபோல் ஒரு பாடம். வியாழனும் சனியும் ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை வானில் கூடுவதை இராசி வட்டத்தில் வரைந்து காட்டினார். அடுத்தடுத்த கூட்டங்களைக் கோடுகளால் இணைக்க, முக்கோணங்கள் தொடர்ந்து உருவாகின. அவற்றின் நடுவே சிறு வட்டமொன்று தோன்றிற்று. இரு வட்டங்களின் அளவுகளும், அவ்விரு கோள்களின் பாதை அளவுகளை ஒத்திருந்தன! கோள்களின் தூரங்களைக் கடவுள் வடிவ கணிதத்தால் வகுத்தார் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. ஐந்து ஒழுங்கான திண்ம வடிவங்களே அதன் திறவுகோல் என்று நம்பி, 1596இல் நூலொன்றை எழுதி முடித்தார்.

அந்த எண்ணம் தவறு. அவரோ அதைக் கடைசிவரை முழுவதும் கைவிடவில்லை. ஆனால் அதைச் சரிபார்க்கத் துல்லியமான அளவுகளைத் தேடியதே அவரைத் தைக்கோ பிராகேயிடம் கொண்டு சேர்த்தது.

இடையில் வந்த துன்பத்தை நாம் மறைக்கலாகாது. கத்தோலிக்க ஆட்சியாளரான பேர்டினந்தின் கட்டளையால் 1598இல் லூத்தரன் ஆசிரியர்கள் வெளியேற்றப்பட்டனர். திரும்பிவர அனுமதி பெற்ற கெப்ளரும், கத்தோலிக்கராக மாற மனச்சாட்சி இடந்தராமையால், 1600இல் குடும்பத்துடன் நாடு நீங்கினார். மனச்சாட்சியை வற்புறுத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்ததை இங்கே நினைவுகூர்வது தகும். அவருக்குப் பிராக் நகரில் பதவி தந்த இரண்டாம் ருடோல்ப் பேரரசரும் கத்தோலிக்கரே.

அங்கே செவ்வாயின் பாதையை ஆராய்ந்தார். வட்டப் பாதை என்று கொண்டு கணித்தபோது, பிராகேயின் அளவுகளுக்கும் தம் கணக்குக்கும் 8 கலை வேறுபாடு கண்டார். முழுநிலவின் அகலத்தில் கால் பங்களவே அது. வேறொருவர் கவனியாது விட்டிருப்பார். கெப்ளர் பல ஆண்டு உழைப்பைத் தள்ளிவிட்டு மீண்டும் தொடங்கினார். கோள்கள் நீள்வட்டத்தில் செல்கின்றன என்ற உண்மை 1609இல் நூலாயிற்று. 1630 கார்த்திகை 15இல் அவர் இறந்தார். கல்லறையும் பின்னர் போரில் அழிந்தது.

ஆசிரியத் தொழில் புரியும் வாசகரே, உங்கள் வகுப்பில் கேட்போர் குறைவாயிருக்கலாம். அன்று கிராட்ஸ் நகரிலும் அப்படித்தான். ஆயினும் நாளைய பாடத்தை ஒழுங்காக ஆயத்தஞ் செய்யுங்கள். கணக்குப் பிழைத்தால் பிழையென்று ஒப்புக்கொள்ளுங்கள்.