அத்தித்லான் மக்களின் பங்குத்தந்தை – அருளாளர் ஸ்டான்லி ரோதர்



ஜூலை 28ஆம் நாள் வரும்போதெல்லாம் குவாத்தமாலா நாட்டின் ஒரு ஏரிக்கரைக் கோவிலில் மாயா இன மக்கள் பெருந்திரளாகக் கூடுகிறார்கள். 1981ஆம் ஆண்டு அதே நாளில், நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், அவர்களுடைய பங்குத்தந்தை தம் இல்லத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயர் ஸ்டான்லி பிரான்சிஸ் ரோதர். அப்போது அவருக்கு வயது 46. அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களுள் மறைசாட்சி என்று திருச்சபை அறிவித்த முதல் ஆள் அவரே. ஆனால் அவரைப் புரிந்துகொள்ள அவருடைய சாவிலிருந்து தொடங்குவது சரியான வழியல்ல. ஏழைகளுக்கு உதவுவது ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை, அவர் செய்த அன்றாட வேலைகளைப் பார்த்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

1935ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் ஒக்கார்ச்சி என்ற சிற்றூரில் பிறந்தார். ஜெர்மானிய வழிவந்த உழவர் குடும்பம். கோதுமை, மாடு, டிராக்டர் என்று வளர்ந்த மூத்த மகன். பள்ளிப் படிப்பு முடிந்து, குருவாகப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, அப்படியானால் விவசாய மாணவர் சங்கத்தில் உழைத்ததற்குப் பதிலாக இலத்தீன் படித்திருக்கலாமே என்று அவருடைய தந்தை கேட்டாராம். தந்தை சொன்னது சரியாகப் போயிற்று. டெக்சாசில் சான் அந்தோனியோ நகரத்துக் குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்தும் இலத்தீன் அவருக்கு ஏறவில்லை. அந்நாளில் இறையியல் பாடங்கள் இலத்தீனில்தான் நடந்தன. தோட்ட வேலை, குழாய் வேலை, புத்தகம் தைக்கும் வேலை என்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கெல்லாம் தேர்வில் மதிப்பெண் உண்டா? கடைசியில் குருமடம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

குருமடத்திலிருந்து திருப்பி அனுப்பப்படுவது என்பது ஒரு இளைஞனுக்கும் அவன் குடும்பத்துக்கும் எவ்வளவு பெரிய தலைகுனிவு என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்பு அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஓர் அருள்சகோதரி அவருக்குக் கடிதம் எழுதி, இலத்தீனில் திணறிய புனித ஜான் மரிய வியான்னியை நினைவூட்டினார். ஆயர் விக்டர் ரீடு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். மேரிலாந்து மாநிலத்தில் எம்மிட்ஸ்பர்க் நகரிலுள்ள தூய மரியன்னை குருமடத்தில் சேர்ந்து, தட்டுத்தடுமாறிப் படித்து முடித்தார். 1963ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் குருத்துவ அருள்பொழிவு பெற்றார். ஐந்தாண்டுகள் ஒக்லஹோமாவில் துணைப் பங்குத்தந்தையாக, யாரும் பெரிதாகக் கவனிக்காத பணி.

அக்காலத்தில்தான் திருத்தந்தை 23ஆம் ஜானின் அழைப்பை ஏற்று அமெரிக்க மறைமாவட்டங்கள் இலத்தீன் அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பத் தொடங்கியிருந்தன. ஒக்லஹோமா மறைமாவட்டம் 1964இல் குவாத்தமாலாவின் சந்தியாகோ அத்தித்லான் என்ற ஊரின் பொறுப்பை ஏற்றது. அந்த ஊரில் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டாக நிரந்தரக் குரு கிடையாது. எரிமலைகள் சூழ்ந்த அழகான ஏரி. அதன் கரையில் பதினாறாம் நூற்றாண்டுக் கோவில். சுற்றிலும் சுத்துஹில் என்ற மாயா இனத்து மக்கள். சுற்றுலா வருபவர்கள் அந்த ஏரியைப் போல் உலகில் இல்லை என்பார்கள். ஆனால் அந்த மக்களுக்கு ஏரி சோறு போடவில்லை. எரிமலைச் சரிவில் துண்டு நிலம், அதில் சோளமும் பீன்சும். அது ஆண்டு முழுவதற்கும் போதாது. எனவே குடும்பம் குடும்பமாகத் தெற்கே கடற்கரைப் பக்கத்துப் பெருந்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போவார்கள். பிள்ளைகளும் கூடவே போவதால் படிப்பு நின்றுவிடும். பள்ளிக்கூடம் இருந்தாலும் அங்கே பாடம் ஸ்பானிஷ் மொழியில். வீட்டில் பேசுவதோ சுத்துஹில். அந்த மொழிக்கு அதுவரை புழக்கத்தில் எழுத்து முறையும் இல்லை. தட்டம்மையும் ஊட்டச்சத்துக் குறைவும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின.

1968ஆம் ஆண்டு தந்தை ரோதர் அங்கே போய்ச் சேர்ந்தார். இலத்தீனில் தோற்றவர் முதலில் ஸ்பானிஷ் கற்றார். பிறகு, கற்பதற்கு மிகக் கடினமான சுத்துஹில் மொழியையும் மக்களோடு குடிசைகளில் உட்கார்ந்து உண்டு, பேசிப் பேசியே கற்றார். அந்த மொழியில் மறையுரை ஆற்றினார். நற்செய்தி வாசகங்களையும் திருப்பலிச் செபங்களையும் அம்மொழிக்குக் கொண்டுவரும் பணியில் பங்கெடுத்தார். ஸ்டான்லி என்ற பெயருக்கு அவர்கள் மொழியில் இணையான பெயர் இல்லை. எனவே அவருடைய இரண்டாவது பெயரான பிரான்சிஸை எடுத்துக்கொண்டு, தங்கள் மொழியில் அப்லாஸ் என்று அழைத்தார்கள். வீட்டுப் பிள்ளையைப் போல் பெயர் வைத்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த மறைபரப்புத் தளம் மக்களுக்காகச் செய்தவை பல. பனாபாஹ் என்ற இடத்தில் ஒரு சிறு மருத்துவமனை. விவசாயிகளுக்கும் நெசவாளர்களுக்கும் கூட்டுறவுச் சங்கம். சிறு குழந்தைகளுக்குப் பள்ளி. இவற்றுள் எனக்கு மிகவும் வியப்பாகப் படுவது வானொலி. 'அத்தித்லானின் குரல்' என்ற பெயரில் இயங்கிய அந்த நிலையம், தோட்ட வேலைக்குப் போய்ப் பள்ளிக்கு வர முடியாதவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே எழுத்தும் கணக்கும் கற்பித்தது. மாணவர் பள்ளிக்கு வர முடியாவிட்டால் பள்ளி மாணவரிடம் போகட்டும் என்ற எளிய எண்ணம். பகலெல்லாம் மண்வெட்டி பிடித்த கைகள் மாலையில் பென்சில் பிடித்தன. இதைவிட நல்ல கல்வி உதவித்தொகை வேறென்ன இருக்க முடியும்?

தந்தை ரோதரின் சொந்தப் பங்களிப்பு நிலத்தில் இருந்தது. அவர் உழவர் மகன் அல்லவா! டிராக்டரை ஓட்டி உழுதார், கல்லும் புதருமாகக் கிடந்த நிலத்தைத் திருத்திக் கொடுத்தார், பழுதான எந்திரங்களைக் கையில் எண்ணெய் படியப் பழுது பார்த்தார். குருமடத்தில் மதிப்பெண் வாங்கித் தராத அதே வேலைகள் இங்கே அவரை மக்களோடு சேர்த்து வைத்தன. 1976ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் குவாத்தமாலாவில் நிலநடுக்கம் வந்து ஏறத்தாழ 23,000 பேர் மாண்டபோது நிவாரணப் பணியிலும் இறங்கினார். அதற்குள் ஒக்லஹோமாவிலிருந்து வந்த பிற பணியாளர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போய்விட, 1975 அளவில் அவர்களுள் அவர் மட்டுமே எஞ்சியிருந்தார்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். அவர் அரசியல் பேசிய குரு அல்ல. புரட்சி மேடைகளில் ஏறியவரும் அல்ல. அமைதியான, கொஞ்சம் கூச்சமும் கொஞ்சம் பிடிவாதமும் உள்ள மனிதர். பைப்பு புகைத்துக்கொண்டு எந்திரத்தைக் கழற்றி மாட்டுவதில் மகிழ்ச்சி கண்டவர். பின் ஏன் அவரைக் கொன்றார்கள்?

குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. ஐ.நா. ஆதரவுடன் அமைக்கப்பட்ட உண்மை அறியும் ஆணையம் 1999இல் தந்த அறிக்கையின்படி, 2,00,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காணாமலோ போயினர். அடையாளம் காணப்பட்டவர்களுள் 83 விழுக்காட்டினர் மாயா மக்கள். வன்முறைகளில் 93 விழுக்காட்டிற்கு அரசுப் படைகளும் அவற்றைச் சார்ந்த குழுக்களுமே பொறுப்பு என்றது ஆணையம். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பழங்குடி விவசாயி, நில உரிமையாளர்களின் கண்ணுக்கும் இராணுவத்தின் கண்ணுக்கும் ஆபத்தானவராகத் தெரிந்தார். கூட்டுறவுச் சங்கம் வைத்தால் பொதுவுடைமைவாதி, வேதியராக இருந்தால் கெரில்லாக்களின் ஆள் என்ற கணக்கு. கீச்சே மறைமாவட்டத்தில் கொலைகள் பெருகியதால், ஆயர் ஹுவான் ஹெரார்தி 1980இல் தம் குருக்களையும் துறவியரையும் அங்கிருந்து முழுவதுமாக வெளியேற்ற வேண்டியதாயிற்று.

அத்தித்லானைச் சுற்றிய எரிமலைக் காடுகளில் கெரில்லாக்கள் நடமாடியது உண்மைதான். 1980 அக்டோபரில் இராணுவம் ஊருக்குள் முகாமிட்டது. அதே மாதம் வானொலி நிலையத்தின் இயக்குநர் கடத்தப்பட்டார். நிலையம் சூறையாடப்பட்டது. அதன்பின் ஒவ்வொருவராக வேதியர்கள் மறைந்தார்கள். இரவில் வீட்டில் தூங்க அஞ்சியவர்கள் கோவிலுக்குள் வந்து படுத்தார்கள். அப்லாஸ் கதவைத் திறந்து வைத்தார். காணாமல் போனவர்களின் உடல்களைத் தேடிச் சாலையோரங்களுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனார். கணவனை இழந்த பெண்களுக்கும் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கும் உணவும் பணமும் கொடுத்தார்.

இந்த இடத்தில்தான் அவருடைய வாழ்வின் உண்மையான சோதனை தொடங்குகிறது. ஒரு கைம்பெண்ணுக்கு ஒரு மூட்டைச் சோளம் கொடுப்பதை, வேறு எந்த ஆண்டிலும் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவள் கணவனை இராணுவம் கொன்றிருந்தால், அந்தச் சோளமே தேசத்துரோகம் ஆகிவிடுகிறது. இத்தகைய உதவி ஆட்சியைக் கவிழ்க்கும் செயலாகப் பார்க்கப்படலாம் என்பதைத் தந்தை ரோதர் நன்றாக அறிந்திருந்தார். நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் அதைக் குறிப்பிட்டும் இருக்கிறார். அறிந்தே கொடுத்தார். 1980ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் எழுதிய மடலில், ஆபத்தின் முதல் அறிகுறியைக் கண்டதும் ஆயன் மந்தையை விட்டு ஓட இயலாது என்ற பொருள்பட எழுதினார். யோவான் நற்செய்தியின் நல்லாயனையும் கூலிக்கு மேய்ப்பவனையும் பற்றி மறையுரை ஆற்றாத குரு எங்களுள் யாரும் இல்லை. அதை எழுதும்போது வாசலில் சிப்பாய்கள் நிற்பது வேறு.

1981 ஜனவரி தொடக்கத்தில், அவரோடு நெருங்கிப் பணியாற்றிய வேதியர் ஒருவர் அடைக்கலம் தேடிப் பங்கு இல்லத்துக்கு வரும் வழியில், கோவில் முன்பாகவே பிடித்து இழுத்துச் செல்லப்பட்டார். உதவி கேட்டு அவர் கத்தியது கேட்டது. ஆயுதம் ஏந்தியவர்களுக்கு முன் ஒன்றும் செய்ய முடியாமல் தந்தை ரோதர் நின்றார். அந்த இயலாமை அவரை நெடுநாள் வாட்டியது. சில நாள்களில், கொலைப் பட்டியலில் அவருடைய பெயரும் இருக்கிறது, அதுவும் எட்டாவது இடத்தில் என்ற எச்சரிக்கை வந்தது. அவர் ஒக்லஹோமாவுக்குத் திரும்பினார்.

ஆம், திரும்பினார். சில வாழ்க்கை வரலாறுகள் இதை வேகமாகக் கடந்துவிடுகின்றன. எனக்கு அது தேவையில்லை என்று தோன்றுகிறது. அவர் சாவைத் தேடியவர் அல்ல, உயிர்மேல் ஆசை உள்ள மனிதர். அங்கே ஓர் ஆலயத்தில் குவாத்தமாலாவின் நிலையைப் பற்றிப் பேசியபோது, கேட்ட ஒருவர் அவரைக் குறைகூறி குவாத்தமாலாத் தூதரகத்துக்கே எழுதிவிட்டார். திரும்பிப் போவது முன்பைவிட ஆபத்தாயிற்று. ஆனாலும் புனித வாரத்தை மக்களோடு கழிக்க வேண்டும் என்று ஆயரிடம் இசைவு பெற்று, ஏப்ரல் மாதம் அத்தித்லானுக்குப் போய்விட்டார். பெற்றோர் வேதனைப்பட்டாலும் தடுக்கவில்லை.

ஜூலை 28 அதிகாலையில் முகமூடி அணிந்த மூவர் பங்கு இல்லத்துக்குள் புகுந்தனர். அங்கே இருந்த ஓர் இளைஞனைத் துப்பாக்கி முனையில் மிரட்டி, குரு படுத்திருந்த அறையைக் காட்டச் செய்தனர். கடத்திக்கொண்டு போனால் சித்திரவதை செய்வார்கள், மற்றவர்களின் பெயர்களைக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். எனவே இழுத்துச் செல்ல விடாமல் கைகளால் போராடினார். உதவிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அதே வளாகத்தில் இருந்த அருள்சகோதரிகள் ஓடி வந்திருப்பார்கள். துப்பாக்கி வெடித்தது. விடியுமுன் கோவில் முன்றிலில் ஊரே நின்றது. உண்மைக் குற்றவாளிகள் இன்றுவரை நீதியின்முன் நிறுத்தப்படவில்லை.

உடலைத் தங்களிடமே அடக்கம் செய்ய வேண்டும் என்று சுத்துஹில் மக்கள் விரும்பினர். பெற்றோருக்கோ மகனின் உடல் வேண்டும். இறுதியில் உடல் ஒக்கார்ச்சிக்குப் போனது. இதயம் அத்தித்லான் கோவிலில் வைக்கப்பட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016 டிசம்பரில் அவரை மறைசாட்சியாக ஏற்றார். 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் ஒக்லஹோமா நகரில் முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டது. 2023இல் அங்கே அவர் பெயரால் பெரிய திருத்தலம் ஒன்றும் திறக்கப்பட்டது.

அத்தித்லானில் துயரம் அவரோடு முடிந்துவிடவில்லை. 1990ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், ஆயுதமின்றித் திரண்டு வந்த ஊர் மக்கள்மீது இராணுவம் சுட்டதில் சிறுவர்கள் உட்படப் பலர் இறந்தனர். ஆனால் இம்முறை ஊர் பணியவில்லை. மக்கள் கையெழுத்துத் திரட்டி, இராணுவம் வெளியேற வேண்டும் என்று கோரினர். கையெழுத்திடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தனர். அந்த மாதமே முகாம் காலி செய்யப்பட்டது. அந்நாள்களின் குழப்பத்தில் மூடப்பட்ட சிறு மருத்துவமனையை ஊர் மக்களே நண்பர்களின் துணையோடு 2005இல் மீண்டும் திறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஸ்டான் புயல் கொண்டுவந்த மண்சரிவு பனாபாஹ் பகுதியைப் புதைத்தது, மருத்துவமனையும் சேதமடைந்தது. சில நாள்களிலேயே வேறொரு கட்டடத்தில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கி, பின்னர் புதிய கட்டடமும் எழுப்பினார்கள். அவர் சுடப்பட்ட அறை இப்போது சிற்றாலயம். வண்ண நூல் வேலை செய்த மேல்சட்டை அணிந்த சுத்துஹில் பெண்கள், சந்தைக்குப் போகும் வழியில் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.