பிமல் ராய் படைத்த ஆவி

பழைய ஹிந்திப் பேய்ப் படங்களை இரசிப்பவர் ஒரு தனிக் கூட்டத்தார். புகார் மூடிய மாளிகை, தானாக அசையும் ஊஞ்சல், நள்ளிரவில் எங்கிருந்தோ எழும் பெண்குரல் ஆகியன போதும். அவர்கள் உலகை மறந்துவிடுவர். நானும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே. ஆயினும் அப்படங்களுள் தலைசிறந்த ஒன்றை ஆக்கியவர், பேய் பிசாசுகளோடு எவ்விதத் தொடர்புமற்ற யதார்த்தவாதி என்பது என்னைப் பல காலமாகச் சிந்திக்க வைத்துள்ளது. அவர்தாம் பிமல் ராய்.

1909ஆம் ஆண்டு டாக்காவை அடுத்த சுவாபூரில் ஒரு ஜமீன்தார் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் மறைந்ததும் பண்ணையின் மேலாளர் குடும்பத்தை வெளியேற்றிவிட, தாயாருடன் கல்கத்தா வந்து சேர்ந்தார். நிலத்தை இழந்து நகரத்துக்கு வரும் மனிதனின் துயர் அவருக்கு ஏட்டறிவன்று. நியூ தியேட்டர்ஸ் கலைக்கூடத்தில் நிதின் போஸிடம் ஒளிப்பதிவு உதவியாளராகச் சேர்ந்து, பருவாவின் 1935ஆம் ஆண்டுத் 'தேவதாஸ்' படத்துக்கு ஒளிப்பதிவாளரானார். 1944இல் 'உதயேர் பதே' என்னும் வங்காளப் படம் அவரை நெறியாளராக நிலைநிறுத்தியது. பின்னர் பம்பாய் சென்றார்.

1953இல் வெளிவந்த 'தோ பீகா ஜமீன்' பற்றி இலக்கிய அன்பர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. இரண்டு பீகா நிலத்தை மீட்கக் கல்கத்தா வீதிகளில் ரிக்ஷா இழுக்கும் உழவனின் கதை அது. கான் திரைப்பட விழாவிலும் அது பரிசு பெற்றது. ஆனால் புகழ் வேறு, வரும்படி வேறு. 1955இல் அவரே நெறியாண்ட 'தேவதாஸ்' எதிர்பார்த்த வசூலைத் தராது போகவே, சொந்தக் கம்பெனியின் உயிர் ஊசலாடியது. அவரை நம்பியிருந்த கலைஞர் பலர். அந்நெருக்கடியில் கைகொடுத்தது ரித்விக் கட்டக் எழுதிய ஓர் ஆவிக் கதை. அவரும் டாக்காவிற் பிறந்தவர், பொதுவுடைமைச் சார்பினர். இரு யதார்த்தவாதிகள் கூடி மறுபிறவிக் கதை சமைத்தார்களே என்று முகஞ் சுளித்தோர் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

'மதுமதி' 1958இல் வெளிவந்தது. மழையிரவில் பாழடைந்த மாளிகையொன்றில் ஒதுங்கும் பொறியியலாளன், தன் முற்பிறவியை நினைவுகூர்கிறான். அப்பிறவியில் அவன் மரத்தோட்டமொன்றின் மேலாளன். மலைவாழ் பெண் மதுமதியை நேசித்தவன். மாளிகைக்கு உரியவனான உக்ரநாராயணனின் கொடுமைக்கு அஞ்சி அவள் மேல்மாடத்திலிருந்து குதித்து மாண்டாள். அவளைப் போன்ற வேறொரு பெண்ணை ஆவியாக நடிக்கச் செய்து, குற்றவாளியின் வாயிலிருந்தே உண்மையை வரவழைக்க ஏற்பாடாகிறது. ஆவி வருகிறது, வினவுகிறது, அவன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். அதன் பின்னரே நடிக்க வேண்டியவள் வந்து சேருகிறாள். அவளுடைய வண்டி வழியில் நின்றுவிட்டதாம்! எத்தனை முறை பார்த்தாலும் அவ்விடத்தில் என் முதுகந்தண்டு சில்லிடும்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கமால் அம்ரோஹியின் 'மஹல்' (1949), பிரேன் நாகின் 'பீஸ் சால் பாத்' (1962), ராஜ் கோஸ்லாவின் 'வோ கோன் தீ' (1964) ஆகிய மூன்றிலும் ஆவியென்று தோன்றுவது ஈற்றில் மனிதர் செய்த சூதாகவே வெளிப்படும். ஆவி மெய்யாகவே ஆவியாக நிற்பது 'மதுமதி'யில்! ஊர்ப் பெரியவனை எந்த நீதிமன்றமும் தொட முடியாதவிடத்து, இறந்தவளே சாட்சி சொல்ல வருகிறாள். பண்ணையிலிருந்து துரத்தப்பட்ட சிறுவனின் கோபம் அக்காட்சியில் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. அவ்வகையில் அது 'தோ பீகா ஜமீ'னுக்கு அந்நியமான படமன்று.

படப்பிடிப்பும் எளிதாக அமையவில்லை. நைனிதால், ராணிகேத் பகுதிகளில் எடுத்த பிலிம் சுருள்களிற் பெரும்பகுதி மங்கிப்போயிற்று. மீண்டும் இமயச் சாரலுக்குச் செல்ல வசதியின்றி, பம்பாய் மாகாணத்து வைதர்ணா அணைக்கட்டருகே பொய்யான பைன் மரங்களை நட்டு, செயற்கைப் பனிமூட்டம் எழுப்பிப் படத்தை முடித்தார்கள். எது இமயம், எது அணைக்கட்டு என்று என்னாற் பிரித்தறிய இயலவில்லை. திலீப் குப்தாவின் ஒளிப்பதிவும், சலீல் சௌத்ரியின் இசையும், தமிழகம் தந்த வைஜயந்திமாலாவின் மூன்று வேடங்களும் படத்தை உயர்த்தின. ஒன்பது பிலிம்பேர் விருதுகள் கிடைத்தன. அச்சாதனை 37 ஆண்டுகள் முறியடிக்கப்படவில்லை. கம்பெனியும் பிழைத்தது.

அந்த வரும்படியின் பலத்திலேதான் தீண்டாமையைப் பேசும் 'சுஜாதா' 1959இலும், சிறைப் பெண்ணொருத்தியின் கதையான 'பந்தினி' 1963இலும் உருவாகின என்று நான் கருதுகின்றேன். மதுமதி என்னும் அப்பேய்ப்பெண்ணுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.

அடுத்து, சமரேஷ் பாசுவின் நாவலொன்றைத் தழுவி கும்பமேளாவைப் பின்னணியாகக் கொண்ட படமொன்றில் அவர் முனைந்திருந்தார். திருவிழாக் கூட்டத்தின் காட்சிகள் சிலவும் படமாக்கப்பட்டன. புற்றுநோய் இடையே புகுந்தது. 1966ஆம் ஆண்டு ஜனவரி 8ஆந் திகதி, 56ஆவது வயதில் பம்பாயில் அவர் காலமானார். அக்காட்சிச் சுருள்கள் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, பின்னர் அவருடைய மைந்தரின் முயற்சியால் சிறியதோர் ஆவணப் படமாக வெளிவந்தன.