கணக்கறிஞர் குமரப்பா

கல்லூரிப் படிப்பை முடித்தோருட் பலர், வணிகமும் கணக்கியலும் கற்கும்பொருட்டுக் கடல்கடந்து செல்கின்றனர். பட்டம் கைக்கு வந்த அன்றே ஒரு வினாவும் உடன்வந்து நிற்கின்றது. இனி என் செய்வது? அங்கேயே தங்குவதா, ஊர் திரும்புவதா? கற்றதைக் கொண்டு பொருள் ஈட்டுவதா, வேறொன்றுக்குப் பயன்படுத்துவதா? இவ்வினாவைத் தமது 37ஆம் வயதில் எதிர்கொண்டு, எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அதற்கு விடையாக ஆக்கிய பெரியார் ஒருவரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக நினைவுகூர விரும்புகின்றோம். அவர் ஜே. சி. குமரப்பா.

குமரப்பா 1892ஆம் ஆண்டு சனவரி மாதம் 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் பொதுப்பணித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். மைந்தருக்கு இடப்பட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பது. முதலாம் உலகப் போருக்கு முன்னரே இலண்டன் சென்று கணக்கியல் பயின்று, அங்கேயே தொழிலும் பார்த்த அவர், 1919இல் தாய்நாடு மீண்டார். பின்னர்ப் பம்பாயிற் சொந்தமாகக் கணக்காய்வு நிறுவனம் ஒன்றை நடத்தினார். உடையிலும் உணவிலும் பழக்கவழக்கங்களிலும் முற்றாக ஆங்கிலக் கனவானாகவே அவர் வாழ்ந்தார். வருவாய்க்குக் குறைவில்லை, தொழிலில் மதிப்பும் இருந்தது.

1927இல் அவர் அமெரிக்கா சென்றார். ஓய்வாக நாட்கழிப்பதில் மனம் ஒன்றாமையாற் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, மறு ஆண்டே வணிக நிருவாகத்திற் பட்டம் பெற்றார். அவர் அந்நாட்டில் வணிக நூல்களைப் பயின்றுகொண்டிருந்த அதே 1927ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்திலேதான், காந்தியடிகள் கதர் நிதி திரட்டும்பொருட்டு இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் சில நாட்கள் தங்கினார். ஆதலின், குமரப்பாவுக்கு முன்னரே எம் முன்னோர் அடிகளை நேரிற் காணும் பேறு பெற்றிருந்தனர்.

சிரக்கியூசிற் பெற்ற பட்டத்தோடு அவர் நிற்கவில்லை. நியூயோர்க் நகரிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டத்துக்குப் பதிந்து, அரசாங்க நிதியியலில் உலகப் புகழ்பெற்ற பேராசிரியர் செலிக்மனின் மாணவரானார். அந்நாட்களில் அந்நகரத் தேவாலயம் ஒன்றில், இந்தியா வறுமையுற்றிருப்பதன் காரணம் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவு நாளிதழில் வெளியாயிற்று. அதனைப் படித்த பேராசிரியர், இந்திய வறுமைக்கும் அரசாங்க நிதிக்குமுள்ள தொடர்பையே ஆராயுமாறு தம் மாணவருக்கு அறிவுறுத்தினார்.

பிறருடைய ஏடுகளைச் சரிபார்த்துப் பழகிய கண் இப்பொழுது ஓர் அரசாங்கத்தின் ஏட்டைப் பார்க்கத் தொடங்கியது. ஏழைக் குடியானவனிடமிருந்து வரியாகப் பெறும் பணம் எங்கே செல்கின்றது? படைச்செலவாகவும், கடனுக்கு வட்டியாகவும், உயர் அதிகாரிகளின் சம்பளமாகவும் அது கரைந்துபோவதை அவர் கண்டார். கொடுத்தவனுடைய கல்விக்கும் சுகாதாரத்துக்கும் நிலத்துக்கும் அதிற் சிறு பங்கே திரும்பியது. ஆங்கில ஆட்சியினால் நாடு வளம் பெறுகின்றது என்று நம்பியிருந்த கனவான், தாமே போட்ட கணக்கினால் தேசபக்தரானார். இஃது எவருடைய மேடைப் பேச்சினாலும் நிகழ்ந்த மாற்றமன்று என்பது கருதத்தக்கது.

1929இல் அவர் பம்பாய் திரும்பினார். குடும்பத்தின் பழம் பெயராகிய குமரப்பா என்பதை மேற்கொண்டதும் அவ்வாண்டிலேயே. ஆய்வுரையை நூலாக வெளியிட வழிதேடியவர், காந்தியடிகளைக் காணுமாறு நண்பராற் பணிக்கப்பட்டார். மே மாதம் 9ஆம் நாள் பிற்பகல் இரண்டரை மணிக்குச் சபர்மதி ஆசிரமத்திற் சந்திப்பு என்று நேரமும் குறிக்கப்பட்டது. பட்டுடையும் கைத்தடியுமாகச் சற்று முன்னதாகவே சென்ற குமரப்பா, மரத்தடியிற் சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து இராட்டை சுற்றிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டார். இராட்டையை அதற்குமுன் கண்டறியாத அவர் தடியை ஊன்றியபடி வேடிக்கை பார்த்து நின்றார். குறித்த நேரம் வந்ததும் முதியவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நீர்தாம் குமரப்பாவோ என்று வினவினார். தாம் காண வந்தவர் இவரே என்றுணர்ந்த குமரப்பா, மடிப்புக் குலையாத பட்டுக் காற்சட்டையுடன் அத்தரையிலேயே அமர்ந்துவிட்டார். ஒருவர் நாற்காலி கொண்டுவந்தும் அவர் எழவில்லை.

ஆய்வுரையைத் தம் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட அடிகள் இசைந்தார். அது 1930இல் நூலாகவும் வந்தது. அத்துடன், குசராத்து வித்தியாபீட மாணவரைக் கொண்டு கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராய்ந்து தருமாறும் அவர் கேட்டார். ஆயின், அங்குத் தலைமை வகித்த காகா காலேல்கர், மேனாட்டு உடையணிந்த, குசராத்தி மொழியறியாத இவர் கிராமத்தில் என் செய்வார் என ஐயுற்றார். குமரப்பாவும் பம்பாய்க்கு வண்டியேறிவிட்டார். நிறுவனமும் வருவாயும் அவரை அங்கே எதிர்பார்த்திருந்தன. வேண்டாவென்ற இடத்தை மறந்து பழைய வாழ்வைத் தொடர்ந்திருப்பின் அவரைக் குறைகூறுவார் எவருமிலர். ஆனால் அடிகளிடமிருந்து மீண்டும் அழைப்பு வந்தபொழுது அவர் சென்றார். கேடா மாவட்டத்து மாத்தர் வட்டாரத்தில் 54 கிராமங்களை வீடுவீடாக ஆராய்ந்து அவர் எழுதிய அறிக்கை, இந்தியக் கிராமப் பொருளாதார ஆய்வுகளுள் முன்னோடியாக மதிக்கப்படுகின்றது. பட்டுடை நீங்கிக் கதருடை வந்தது. திருமணம் செய்யாமலே பொதுவாழ்வில் நிலைத்தார்.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியபின் யங் இந்தியா இதழை நடத்தும் பொறுப்பு அவர்மீது வீழ்ந்தது. அதன் பயனாகச் சிறையும் சென்றார். 1931இல், இந்தியாவின்மீது சுமத்தப்பட்ட பொதுக்கடனில் எப்பகுதி நியாயமானது, எப்பகுதி பிரித்தானியா தாங்கவேண்டியது என்பதை ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவின் அமைப்பாளராகப் பணியாற்றினார்.

அவருடைய தொழிற்பயிற்சியின் அருமை 1934இற் பீகார் நிலநடுக்கத்தின்போது புலனாயிற்று. இராசேந்திரப் பிரசாத்தின் தலைமையில் திரண்ட நிவாரண நிதியின் கணக்குகளை மேற்பார்வையிட அவரையே அழைத்தனர். தொண்டர் ஒருவரின் உணவுச் செலவுக்கு நாளொன்றுக்கு 3 அணா என அவர் வரையறை செய்தார். காந்தியடிகள் தம் குழுவினருடன் அங்கு வந்தபோது, அவர்களது செலவையும் நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாது. வேறு வழியிற் பெறுக என்று கூறிவிட்டார். அடிகள் அதனை முறையென்றே ஏற்றுக்கொண்டார். தலைவருக்கும் தொண்டருக்கும் ஒரே விதி என்பது சொல்ல எளிது. ஏட்டில் எழுதுவது அரிது.

அவ்வாண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியது. வார்தாவிலுள்ள மகன்வாடியில் அதன் செயலாளராகக் குமரப்பா பல்லாண்டுகள் உழைத்தார். குத்தரிசி, செக்கெண்ணெய், தேனீ வளர்ப்பு, கைத்தாள், பனங்கட்டி ஆகியன அங்கே ஆராயப்பட்டன. பனையைக் கற்பகதரு எனப் போற்றும் எம்மவர்க்கு இப்பட்டியல் புதிதன்று. ஆலையிற் செய்த பொருள் மலிவானது எனக் கூறுவோர், வேலையிழந்தவனின் பட்டினியையும் அழிந்த வளத்தையும் செலவுப் பக்கத்தில் எழுத மறந்தனர் என்பதே அவர் கண்ட உண்மை.

பிற்காலச் சிறைவாழ்வில், ஜபல்பூர்ச் சிறையிலிருந்து நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலையும், இயேசுபிரானின் போதனை பற்றிய நூலையும் எழுதினார். முன்னைய நூலில், கொன்று தின்னும் புலி, நடாத தோட்டத்திற் கனிபறிக்கும் குரங்கு, தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டத்துக்காக உழைக்கும் தேனீ, கைம்மாறு கருதாது குஞ்சைப் பேணும் தாய்ப்பறவை எனப் பொருளாதார முறைகளை ஐந்தாக வகுத்துக் காட்டினார். இவ்விரு நூல்களுக்கும் முன்னுரை வரைந்த அடிகள், அவரைச் சமய சாத்திரக் கலாநிதி எனவும் கிராமக் கைத்தொழிற் கலாநிதி எனவும் அழைத்து மகிழ்ந்தார். மேனாட்டுப் பட்டங்களினும் இவையே அவருக்குப் பொருந்தின.

அவர் வழியை நாடு பின்பற்றியது என்று நாம் கூறுவதற்கில்லை. 1938இல் அமைந்த தேசியத் திட்டக் குழுவிலிருந்து கருத்து வேற்றுமையால் விலகினார். விடுதலைக்குப்பின் காங்கிரஸ் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி 1949இல் அறிக்கை அளித்தார். அதிற் பெரும்பகுதி ஏட்டளவிலேயே நின்றது. பேராலைகளையும் பெரிய அணைகளையும் நாடிய அரசினரை அவர் ஓயாது கண்டித்தார். பழைய தோழரும் விலகினர். இரத்த அழுத்த நோயினால் தளர்ந்து, மதுரைப் பகுதியிலுள்ள தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனத்தை இறுதி உறைவிடமாகக் கொண்டார். 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே திகதியில், அவரும் மறைந்தார். பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1973இல், சூமாக்கர் என்னும் பொருளியலறிஞர் சிறுமையின் அழகைப் பேசும் தம் நூலிற் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டார். சூழலைக் காக்கும் பொருளியல் பேசுவோர் இன்று அவரை முன்னோடியாகக் கொள்கின்றனர்.

பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் கதரணிந்து கிராமம் புகவேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. குமரப்பாவும் தாம் கற்ற கணக்கியலைத் துறந்தாரல்லர். இறுதிவரை கணக்காய்வாளராகவே இருந்தார். யாருடைய கணக்கைப் பார்ப்பது என்பதை மாத்திரமே மாற்றிக்கொண்டார். வணிகக் கல்வியை முடித்து வாழ்வின் வாயிலில் நிற்கும் எம் இளைஞர், எவ்வளவு சம்பளம் என்று கேட்பது இயல்பே. அதனுடன், எவர்பொருட்டு இக்கணக்கை எழுதுகின்றோம் என்றும் ஒருமுறை கேட்பார்களாயின், கல்லூரி அவர்களால் மேன்மையுறும் என்பது எமது துணிபு.